மூன்றாவது கிலோவாட் யாருக்கு லாபம்?

வீட்டு மாடியில் சோலார் பேனல் பொருத்த 78,000 ரூபாய் வரை மானியம் தரும் மத்திய அரசின் ‘பிரதமரின் சூரிய வீடு’ திட்டத்துக்கு 2026-27 நிதியாண்டு வரைதான் ஆயுள். கெடு நெருங்க நெருங்க விளம்பரங்கள் பெருகுகின்றன. “கரன்ட் பில்லே வராது”, “3 கிலோவாட் போட்டால் முழு மானியம்” என்பவை அவற்றின் பல்லவி. தமிழ்நாட்டின் மின்கட்டண முறையில் இந்த வாக்குறுதி சில வீடுகளுக்குப் பொருந்தும். பல வீடுகளுக்குப் பாதிதான் பொருந்தும். ஏறத்தாழ ஒரு கோடி வீடுகளுக்கு அதனால் பயனே இல்லை.

2024 பிப்ரவரியில் தொடங்கிய இத்திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை 75,021 கோடி ரூபாய். இலக்கு ஒரு கோடி வீடுகள். முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம் உண்டு. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் பொருத்தினாலும் மானியம் 78,000 ரூபாயைத் தாண்டாது. பேனலும் அதன் உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். 3 கிலோவாட் வரையிலான அமைப்புக்குப் பிணை இல்லாமல், 6 சதவீதத்தை ஒட்டிய வட்டியில் பொதுத்துறை வங்கிகள் கடன் தருகின்றன. 2025 செப்டம்பரில் சோலார் பேனலுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

குஜராத், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்கள் இத்திட்டத்தில் முன்னே செல்ல, தமிழ்நாடு பின்தங்கியே நிற்கிறது. இத்தனைக்கும் சூரிய மின்சக்திக்கென்று 2012லேயே தனிக் கொள்கை வெளியிட்ட மாநிலம் இது. 2019 கொள்கை 2023க்குள் 9,000 மெகாவாட் என்று இலக்கு வைத்து, அதில் 40 சதவீதம் நுகர்வோரின் கூரைகளிலிருந்து வரும் என்றது. கூரை விஷயத்தில் மாநிலம் அந்த இலக்கின் அருகில்கூடப் போகவில்லை. மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆனால், மின்கட்டண அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், மக்கள் கணக்குப் போட்டுத்தான் விலகி நிற்கிறார்களோ என்று தோன்றும்.

மாடியில் விளைவது எவ்வளவு?

ஒரு கிலோவாட் பேனலுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் அது ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாத மின்கட்டணக் காலத்துக்கு அது 240 யூனிட். பங்குனி, சித்திரையில் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும். வெயில் கொளுத்தினால் மின்சாரமும் கொட்டும் என்று நினைப்பது சரியல்ல. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் பேனல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் குறைகிறது. பேனலைத் தளத்தோடு ஒட்டி வைக்காமல், அடியில் காற்றோட இடம்விட்டு உயர்த்திப் பொருத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேனல்கள் தரும் நேர் மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் வீட்டுக்கு ஏற்ற மாறு மின்னோட்டமாக மாற்றுகிறது. வீடு எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது தெருக் கம்பிக்குப் போகிறது. இரவில் அதே கம்பியிலிருந்து மின்சாரம் வருகிறது. போனதையும் வந்ததையும் இருவழி மீட்டர் தனித்தனியாகப் பதிவுசெய்யும். வந்ததில் போனதைக் கழித்து, மீதிக்கு மட்டும் கட்டணம் போடுவதுதான் நெட் மீட்டரிங். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இந்த முறை உண்டு. நண்பகலில் கொடுத்த ஒரு யூனிட்டுக்கு ஈடாக இரவில் ஒரு யூனிட் கிடைப்பதால், பேட்டரி இல்லாமலே கணக்கு நேராகிறது.

கட்டணப் படிகளும் கிலோவாட் கணக்கும்

தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2016இல் வந்த சலுகை இது. 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீடுகள், அரசு மானியம் கழித்து, 101 முதல் 200 யூனிட் வரை ரூ.2.35, 400 வரை ரூ.4.70, 500 வரை ரூ.6.30 என்ற அளவில் செலுத்துகின்றன. 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் ரூ.2.35 என்ற படி காணாமல் போகிறது, 101லிருந்தே ரூ.4.70 கணக்காகிறது. அதன் மேல் 600 வரை ரூ.8.40, 800 வரை ரூ.9.45 என்று ஏறி, 1,000 யூனிட்டுக்கு மேல் 11 ரூபாயைத் தாண்டுகிறது. 500 யூனிட்டுக்கு ரூ.1,805 கட்டும் வீடு, 510 யூனிட்டுக்கு ரூ.2,124 கட்ட வேண்டும். பத்து யூனிட்டின் விலை 319 ரூபாய்!

இந்தப் படிகளில் சூரிய மின்சாரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஏசியும் வாட்டர் ஹீட்டரும் உள்ள ஒரு வீடு இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் செலவழிக்கிறது என்று கொள்வோம். இன்றைய கட்டணம் ரூ.4,770. மாடியில் ஒரு கிலோவாட் வைத்தால் கணக்கு 560 யூனிட்டாகக் குறைந்து, கட்டணம் ரூ.2,544 ஆகிறது. இரண்டாவது கிலோவாட் அதை 320 யூனிட்டுக்குக் கொண்டுவருகிறது, கட்டணம் ரூ.799. மூன்றாவது வந்தால் 80 யூனிட். அது இலவச வரம்புக்குள் அடங்கிவிடும்.

ஆண்டுக்குக் கணக்கிட்டால், அந்த வீட்டுக்கு முதல் கிலோவாட் சுமார் 13,300 ரூபாய் மிச்சம் பிடித்துத் தருகிறது. இரண்டாவது 10,500 ரூபாய்; மூன்றாவது 4,800 ரூபாய்தான். உற்பத்தியாகும் மின்சாரம் மூன்றிலும் ஒன்றே. முதல் கிலோவாட் வெட்டுவது விலை உயர்ந்த மேல் படிகளை. மூன்றாவது வெட்டுவது அரசே மானியம் தந்து மலிவாக்கி வைத்திருக்கும் கீழ்ப் படிகளை. மானியமும் மூன்றாவது கிலோவாட்டுக்குத்தான் குறைவு என்பதைச் சேர்த்துப் பார்த்தால், “முழு மானியம்” என்ற விளம்பரத்தின் கவர்ச்சி வெகுவாக இறங்கிவிடும்.

சந்தையில் 2 கிலோவாட் அமைப்பின் விலை 1.3 லட்சம் முதல் 1.5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. மானியம் 60,000 போக 70,000 முதல் 90,000 ரூபாய் கைச்செலவு. 800 யூனிட் வீட்டுக்கு அந்தப் பணம் மூன்று, நான்கு ஆண்டுகளில் திரும்பி வந்துவிடும். பேனலுக்கு 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் இருக்கும் நிலையில் இது நல்ல முதலீடு.

400 யூனிட் செலவழிக்கும் வீட்டின் கதை வேறு. அதன் இருமாதக் கட்டணம் 1,175 ரூபாய். ஒரு கிலோவாட் வைத்தால் 141 ரூபாயாகக் குறையும். ஆண்டுக்கு 6,200 ரூபாய் மிச்சம். 40,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும் கைச்செலவு ஏழு ஆண்டுகளில் மீளும். அதே வீட்டில் இரண்டாவது கிலோவாட் வைத்தால் கூடுதலாகக் கிடைப்பது ஆண்டுக்கு 850 ரூபாய்கூட இல்லை. மிஞ்சும் யூனிட்டுகளுக்கு, அந்த வீடு வாங்கும் விலை கிடைக்காது. அதை வருமானமாக எண்ணிப் பெரிய அமைப்பு வைப்பது வீண். 200 யூனிட்டுக்குள் புழங்கும் வீட்டுக்கோ கட்டணமே 235 ரூபாய்தான். அங்கே பேனல் விற்பவர் நல்லெண்ணத்தோடு வருபவராக இருக்க வாய்ப்பில்லை.

2022இல் கட்டணம் உயர்த்தப்பட்டபோது மாநிலத்தின் 2.37 கோடி வீட்டு இணைப்புகளில் ஒரு கோடிக்கு எந்த மாற்றமும் இல்லை என்று அரசு அறிவித்தது. இலவச வரம்புக்குள் வாழும் வீடுகள் அவை. மத்திய திட்டம் “இலவச மின்சாரம்” என்ற பெயரோடு வரும்போது, அந்தப் பெயரில் ஏற்கெனவே மின்சாரம் பெறும் கோடி வீடுகளுக்கு அது சொல்ல எதுவும் இல்லை.

கரன்ட் போனால் சோலாரும் போகும்

விற்பனையின்போது அதிகம் மறைக்கப்படும் உண்மை இதுதான். தெருவில் மின்சாரம் நின்றால், பேட்டரி இல்லாத சாதாரண சோலார் அமைப்பும் அந்த நொடியே நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் வீட்டில் மின்விசிறி சுழலாது. இது குறைபாடல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. பழுதுபார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் கைக்கு, யாரோ ஒருவர் வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடுகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நாள்களுக்குத் துணை வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் தேவை. செலவு கணிசமாக உயரும். மத்திய மானியம் பேட்டரிக்குக் கிடையாது. மின்தடை குறைவான நகரங்களில் இந்தச் செலவு கட்டுப்படியாகாது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண யூபிஎஸ், புயலின் முதல் இரவைத் தாங்கும்.

புயல் கடற்கரை மாவட்டங்களுக்கு இன்னொரு கவலையையும் கொண்டுவருகிறது. கீழே துணி காயப்போடவும் நடமாடவும் வசதியாக எட்டடி, பத்தடி உயரத்தில் பேனல் பந்தல் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த உயரத்தில் காற்றின் தூக்குவிசை மிக அதிகம். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் மட்டமான இரும்புச் சட்டமும், தளத்தில் சரியாக இறங்காத போல்ட்டும் சேர்ந்தால், பேனல் பக்கத்து வீட்டு மாடிக்குப் பறக்கும். விலைப்பட்டியலில் பேனலின் பிராண்டை ஆராய்பவர்கள், சட்டத்தைப் பற்றி ஒரு வரியும் கேட்பதில்லை.

மாடி இல்லாதவர்கள்

சென்னை, கோவை போன்ற நகரங்களில் அடுக்ககங்கள் பெருகிவிட்டன. இருபது வீடுகளுக்கு ஒரு மாடி. அதிலும் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, டிஷ் ஆன்டெனாக்கள் போக மிஞ்சுவது சொற்பம். அந்த இடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குச் சங்கக் கூட்டங்களில் விடை கிடைப்பதில்லை. குடியிருப்போர் சங்கங்கள் லிஃப்ட், மோட்டார், பொது விளக்குக்காகச் சோலார் வைக்கக் கிலோவாட் ஒன்றுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால், அது தனி வீட்டின் பில்லைக் குறைக்காது.

வாடகை வீட்டில் இருப்பவர் நிலை இன்னும் மோசம். மின்கட்டணம் அவர் கட்டுகிறார், மாடி உரிமையாளருடையது. செலவழிப்பவருக்குப் பலனில்லை, பலன் பெறுபவர் செலவழிக்க முடியாது.

இதற்கு விடை உலகில் இல்லாமல் இல்லை. வேறோர் இடத்தில் உள்ள சோலார் அமைப்பின் பங்கை வாங்கி, அந்த உற்பத்தியைத் தன் வீட்டு பில்லில் கழித்துக்கொள்ளும் முறைக்கு டெல்லி 2019லேயே விதிமுறை வகுத்தது. பள்ளி, பேருந்துப் பணிமனை, சந்தை ஆகியவற்றின் பெரிய கூரைகளில் அமைப்பை நிறுவி, கூரையில்லாதவர்களுக்குப் பங்கு விற்பது அதன் சாரம். நகரமயமான தமிழ்நாட்டுக்கு இது மிகவும் பொருத்தமானது.

மின்வாரியம் ஏன் தயங்குகிறது?

இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் செலவழிக்கும் வீடு மின்வாரியத்துக்கு நல்ல வாடிக்கையாளர். சோலாருக்கு முதலில் மாறுவதும் அந்த வீடுதான். அது போனால், கீழ்ப் படிகளில் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட ஆள் குறைகிறது. இருவழி மீட்டர் வரத் தாமதம், கள ஆய்வுக்கு ஆள் இல்லை என்று சொல்லப்படும் காரணங்களுக்குப் பின்னால் இந்தப் பொருளாதாரமும் இருக்கிறது. 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது, இத்தகைய இழுத்தடிப்புகளை மனதில் வைத்துத்தான்.

நேரமும் ஒரு சிக்கல். தமிழ்நாட்டின் சூரிய மின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நண்பகலில் மின்சாரம் மலிவு. மாலை ஏழு மணிக்கு அதே மின்சாரத்தைச் சந்தையில் வாங்க, தட்டுப்பாடான நாள்களில் உச்சவரம்பான யூனிட்டுக்கு 10 ரூபாய் வரை கொடுக்க நேர்கிறது. நெட் மீட்டரிங்கில் வாரியம் மலிவான யூனிட்டை வாங்கிக்கொண்டு விலை உயர்ந்த யூனிட்டைத் திருப்பித் தருகிறது. சில ஆயிரம் வீடுகள் என்றால் தாங்கும். சில லட்சம் ஆகும்போது தாங்காது.

இலங்கையில் இது எங்கு போய் முடியும் என்று தெரிந்தது. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று ஏற்படுத்திய கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. விடுமுறை நாளில் மின்தேவை குறைவாகவும் சூரிய உற்பத்தி மிகுதியாகவும் இருந்ததால் மின்கட்டமைப்பு ஒரு சிறு அதிர்ச்சியையும் தாங்கும் நிலையில் இல்லை என்று மின்சார சபை விளக்கியது. அந்த ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நாள்களில் பிற்பகல் 3 மணி வரை சோலாரை அணைத்து வைக்கும்படி வீட்டு உரிமையாளர்களை அது கேட்டுக்கொண்டது.

கேரளத்தில் 3 கிலோவாட்டுக்கு மேற்பட்ட புதிய வீட்டு அமைப்புகளுக்கு நெட் மீட்டரிங்கை நிறுத்தும் வரைவு விதிகளை 2025இல் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட, நுகர்வோர் கொதித்தெழுந்தனர். பிறகு வரம்பு தளர்த்தப்பட்டது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா 2023 ஏப்ரல் முதல், புதிதாக இணைபவர்கள் தரும் மின்சாரத்துக்கான விலையைச் சராசரியாக நான்கில் மூன்று பங்கு குறைத்தது.

தமிழ்நாட்டில் இன்றைய சலுகை 25 ஆண்டுகளும் நீடிக்கும் என்று எண்ணிக் கடன் வாங்குவது விவேகமல்ல. மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் பகலில் ஓட்டுங்கள் என்பது சோலார் வீடுகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. இன்றைய நெட் மீட்டரிங்கில் அதனால் ஒரு பைசாவும் மிச்சமில்லை. விதி மாறும் நாளில் அதுவே பெரிய மிச்சமாகும்.

செய்ய வேண்டியவை

வீட்டு உரிமையாளர் முதலில் கடந்த ஓராண்டின் ஆறு மின்கட்டணப் பதிவுகளை எடுத்து வைக்க வேண்டும். சராசரி 300 யூனிட்டுக்குக் கீழ் என்றால் அவசரம் வேண்டாம். 500ஐ ஒட்டி இருந்தால் ஒரு கிலோவாட்டில் தொடங்கலாம். 700, 800 என்றால் இரண்டு. ஏசி வாங்கும் திட்டமோ மின் ஸ்கூட்டர், மின்கார் வாங்கும் திட்டமோ இருந்தால் மட்டுமே மூன்றாவதை யோசிக்க வேண்டும். இன்வெர்ட்டரைச் சற்றுப் பெரிதாக வாங்கிவைத்தால் பின்னாளில் பேனல் சேர்ப்பது எளிது. முதல் முறையே மானியத்தைப் பெற்றுவிட்டால் பிறகு சேர்க்கும் பேனலுக்கு அது கிடைக்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதும் முக்கியம். காலமான தாத்தாவின் பெயரிலேயே பில் வந்துகொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். பெயர் மாற்றம் முடியாமல் மானியத்துக்கு விண்ணப்பித்தால் பாதி வழியில் சிக்கும்.

மாநில மின் பகிர்மானக் கழகம் ஒவ்வொரு வீட்டு பில்லிலும், அந்த வீட்டின் ஓராண்டு நுகர்வுக்கு எத்தனை கிலோவாட் போதும், ஆண்டுக்கு எவ்வளவு மிச்சமாகும் என்ற இரண்டு எண்களை அச்சிடலாம். தரவு அதனிடமே இருக்கிறது, செலவு ஏதுமில்லை. விற்பனையாளரின் பெருக்கல் கணக்கிலிருந்து நுகர்வோரைக் காக்க இதைவிட எளிய வழி கிடையாது.

இலவச வரம்புக்குள் வாழும் வீடுகளுக்கு அரசே முன்வர வேண்டும். ஆண்டுக்கு 600 இலவச யூனிட்டுக்காக வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ 2,800 ரூபாயை அரசு வாரியத்துக்குத் தருகிறது. ஒரு கிலோவாட் அமைப்பு ஆண்டுக்கு 1,400 யூனிட்டுக்கு மேல் தரும். மத்திய மானியம் போக மீதிச் செலவு 40,000 ரூபாயை ஒட்டியது. மின் நிறுவனமே நுகர்வோர் சார்பில் அமைப்பை நிறுவ மத்திய திட்டத்தில் தனி வழிமுறை இருக்கிறது. அதைப் பயன்படுத்திப் பட்டியல் சாதி, பழங்குடி வீடுகளுக்கு 2 கிலோவாட் வரை இலவசமாகப் பொருத்த ஆந்திரம் திட்டமிட்டது. தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்ககங்களிலும் அரசுத் தொகுப்பு வீடுகளிலும் இதைத் தொடங்கலாம். ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் அதே டெண்டரில் சேர்க்க வேண்டும். தூசு துடைக்க ஆளில்லாத பேனல் இரண்டே ஆண்டில் மாடிக்குப் பாரமாகிவிடும்.

ஒழுங்குமுறை ஆணையத்திடம் கேட்க வேண்டியது, நெட் மீட்டரிங் மாறினாலும் ஏற்கெனவே இணைந்த வீடுகளுக்குக் குறைந்தது பத்தாண்டு பழைய விதியே செல்லும் என்ற எழுத்துப்பூர்வ உறுதி. கடன் தவணை அதற்குள் முடிந்துவிடும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இன்னும் சில விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். நிறுவனம் தேசிய இணையதளத்தில் பதிவு பெற்றதா, பேனல் உள்நாட்டுத் தயாரிப்பு என்பதற்குச் சான்று உண்டா, சட்டத்தின் உலோகம், தடிமன், காற்று தாங்கும் வேகம் ஆகியவை விலைப்பட்டியலில் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். மானியம் அமைப்பு இயங்கத் தொடங்கி ஆய்வு முடிந்த பிறகு நுகர்வோரின் வங்கிக் கணக்குக்கே வரும். அதைத் தாங்கள் வாங்கித் தருவதாகச் சொல்லி விலையை ஏற்றிக் காட்டும் நிறுவனத்தின் விலைப்பட்டியலை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.